ஜட்ஜ் சொன்னதுக்கு என்னங்க அர்த்தம்? டாக் ஷோ (நாய்க் கண்காட்சி) கருத்துகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, ஈரோடு, சேலம் என்று எங்கே டாக் ஷோ நடந்தாலும் ரிங்கை விட்டு வெளியே வருகிறவர்கள் பலரும் கேட்பது இதுதான்: "ஜட்ஜ் என்னமோ சொன்னாருங்க, நல்லதா கெட்டதான்னே புரியலை." அவர்களுக்காக எழுதியது இது. எந்தக் கருத்தைக் கேட்டாலும் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் சொன்ன குறை நாயின் எலும்பில் இருக்கிறதா, தசையில் இருக்கிறதா, வயதில் இருக்கிறதா, லீடை (நாய்க் கயிற்றை) பிடித்த உங்கள் கையில் இருக்கிறதா? இது பிடிபட்டால், அடுத்து என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும்.

ரெண்டு நிமிஷம்தான் பாக்கறாரு. அதுக்குள்ள என்னத்தைங்க கண்டுபிடிக்கறாரு?

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் காங்கேயம் காளை பார்க்கும் பெரியவர்களைக் கவனித்திருப்பீர்கள். எட்ட நின்று ஒரு பார்வை, வாயைத் திறந்து பல், கையால் திமிலும் முதுகும், பிறகு "ஓட்டிக் காட்டு" என்பார்கள். ரிங்கிலும் வரிசை அதுதான். எல்லா நாய்களும் ஒரு சுற்று ஓடும். பிறகு ஒவ்வொன்றையும் நிற்க வைத்துத் தலை, பல், தோள், முதுகு, பின்கால் என்று கையால் பார்ப்பார். ஆண் நாய்க்கு இரண்டு விரையும் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். சின்ன ஜாதி என்றால் இதெல்லாம் மேஜை மேல் நடக்கும். அடுத்து நேராகப் போய் நேராக வரச் சொல்வார், அல்லது முக்கோணமாக ஓடச் சொல்வார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒப்பிட்டு இடம் கொடுப்பார்.

அவர் மனதில் இருப்பது பக்கத்து நாய் அல்ல, அந்த ஜாதிக்கென எழுதி வைத்த பிரீட் ஸ்டாண்டர்ட். உங்கள் நாயின் ஸ்டாண்டர்டை ஷோவுக்கு முன் ஒருமுறையாவது படித்துவிடுங்கள். அதைப் படிக்காதவருக்கு ஜட்ஜின் வார்த்தைகளில் பாதி விளங்காது.

எல்லா ஷோவிலும் கருத்துச் சொல்வாங்களா?

இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் விதிப்படி நடக்கும் ஆல் பிரீட் ஷோக்களில் பெரும்பாலும் இடம் மட்டுமே அறிவிப்பார்கள். வாயால் ஒன்றிரண்டு வார்த்தை சொன்னால் உண்டு. ஒரே ஜாதிக்கு நடக்கும் ஸ்பெஷாலிட்டி ஷோக்களில்தான், குறிப்பாக ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் ரிங்குகளில், ஜட்ஜ் ஒவ்வொரு நாயைப் பற்றியும் மைக்கில் விரிவாகச் சொல்வார்.

ஆல் பிரீட் ஷோவில் கருத்து வேண்டுமென்றால் நீங்களாகக் கேட்க வேண்டும். உங்கள் ஜாதியின் ஜட்ஜிங் முழுதும் முடிந்தபின் ரிங் ஸ்டூவர்டிடம் (ரிங்கில் ஜட்ஜுக்கு உதவுபவர்) அனுமதி வாங்கி, கேட்டலாக் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். "ஏன் எனக்குக் கொடுக்கலை?" என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். "இந்த நாயில் எதை மேம்படுத்தலாம்?" என்று கேட்டால் விரியும். ஜட்ஜ் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. சொன்னால் போனில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். வீட்டுக்கு வருவதற்குள் பாதி மறந்துவிடும்.

"எக்ஸலண்ட், மூணாவது இடம்"னு வந்துச்சு. பக்கத்து கிளாஸ்ல "வெரி குட், முதல் இடம்." எது பெருசுங்க?

தரத்தில் உங்களுடையதுதான் மேல். கிரேடு என்பது ஸ்டாண்டர்டுக்கு எவ்வளவு நெருக்கம் என்பதன் அளவு. இடம் என்பது அன்று அந்த கிளாஸில், அதாவது போட்டிப் பிரிவில், வந்த நாய்களுக்குள் ஒப்பீடு. ஒரே ஒரு நாய் வந்த கிளாஸில் முதலிடம் வாங்குவதில் தகவல் ஒன்றும் இல்லை. நான்கு நல்ல நாய்களுக்கு நடுவே எக்ஸலண்ட் வாங்கி மூன்றாவது வந்ததில் நிறைய இருக்கிறது.

எஃப்சிஐ என்னும் சர்வதேச நாய்க் கூட்டமைப்பின் முறையில் கிரேடுகள் இப்படி இறங்கும்: எக்ஸலண்ட் என்றால் லட்சிய வடிவத்துக்கு மிக அருகில், நல்ல உடல்நிலையில், ஜாதிக்கே உரிய களையோடு. வெரி குட் என்றால் ஜாதி லட்சணம் எல்லாம் உண்டு, உடல் அளவுகள் பொருந்தியிருக்கின்றன, சின்னச் சின்னக் குறை மன்னிக்கப்பட்டது. குட் என்றால் முக்கிய லட்சணங்கள் மட்டும். சஃபிஷியண்ட் என்றால் ஜாதி தெரிகிறது, அதற்குமேல் இல்லை. டிஸ்குவாலிஃபைடு என்பது தாடைக் கோளாறு, விரை இறங்காமை, கடிக்க வருவது, ஜாதிக்கே ஒவ்வாத வடிவம் போன்றவற்றுக்கு.

இவற்றுக்கு வெளியே "ஜட்ஜ் செய்ய இயலவில்லை" என்று ஒன்று உண்டு. நாய் ஓடவே மறுத்தது, குதித்துக்கொண்டே இருந்தது, தொட விடவில்லை என்றால் இது வரும். நாய் மட்டம் என்று அதற்குப் பொருள் இல்லை. பார்க்க வாய்ப்பே கிடைக்கவில்லை என்றுதான் பொருள், அது பயிற்சியால் தீரும்.

ஷெப்பர்டு ஷோல "வி", "எஸ்ஜி", "விபி"ன்னு போடறாங்களே?

வி, எஸ்ஜி இரண்டும் ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துகள், விபி ஆங்கிலம். 12 மாதத்துக்குக் கீழ் உள்ள குட்டிக்கு உச்சம் விபி, "மிகவும் நம்பிக்கை தருகிறது" என்று பொருள். 12 முதல் 24 மாதம் வரை எஸ்ஜி, அதாவது மிக நன்று. 24 மாதம் தாண்டினால்தான் வி, மிகச் சிறப்பு. ஆகவே ஒன்றரை வயது நாய்க்கு எஸ்ஜி வந்தால் "எக்ஸலண்ட் தரவில்லையே" என்று வருந்த வேண்டாம். அந்த வயதில் அதற்கு மேல் கிடையாது. விஏ என்பது ஆண்டுக்கொருமுறை நடக்கும் தேசிய அளவிலான பெரிய ஷோவில் மிகச் சிலவற்றுக்கே கிடைப்பது.

மைக்ல சொன்ன முழுக் கருத்தையும் வரிக்கு வரி புரியவைக்க முடியுமா?

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். இரண்டரை வயது ஆண் ஷெப்பர்டு பற்றி ஜட்ஜ் சொல்வது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "பெரியது, நடுத்தர வலிமை, நல்ல விகிதம். தலை வலுவானது, பார்வையில் தெளிவு. விதர்ஸ் உயர்ந்தது, முதுகு உறுதி. க்ரூப் சற்றுக் குட்டை, சரிவு அதிகம். முன் ஆங்குலேஷன் நன்று, மேல்கை எலும்பு இன்னும் நீளமாக இருக்கலாம். பின் ஆங்குலேஷன் மிக நன்று. பின்னே நேராகப் போகிறது, முன்னே முழங்கை இன்னும் இறுக வேண்டும். பின்கால் உந்தல் வலுவானது, முன்கால் எட்டி வைப்பது இன்னும் தாராளமாக வேண்டும்."

"பெரியது" என்பது பாராட்டு அல்ல, அளவுக் குறிப்பு. ஆண் ஷெப்பர்டு 60 முதல் 65 செ.மீ., பெட்டை 55 முதல் 60 செ.மீ. பெரியது என்றால் மேல் எல்லையை ஒட்டி நிற்கிறது. எல்லையை 1 செ.மீ.க்கு மேல் தாண்டினால் தகுதி போய்விடும். வீட்டில் அளக்கும்போது தையல் டேப்பை உடம்பின் மேல் வளைத்து அளக்காதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, விதர்ஸ் என்னும் தோள்மேட்டின் மேல் ஒரு மட்டப்பலகையை வைத்து, அதிலிருந்து தரைக்கு நேர்கோட்டில் அளக்க வேண்டும்.

க்ரூப் என்பது இடுப்பெலும்பிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உள்ள சரிவு. ஷெப்பர்டுக்கு அது கிடைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 23 டிகிரி இறங்க வேண்டும். குட்டையாகவோ செங்குத்தாகவோ இருந்தால் பின்காலின் உந்துதல் முதுகு வழியே முன்னே போகாமல் பாதியில் சிதறும். இது எலும்பு, மாறாது.

மேல்கை எலும்புதான் ஷெப்பர்டு ரிங்கில் ஓயாமல் கேட்கும் குறை. தோள்பட்டை எலும்பும் மேல்கை எலும்பும் சேரும் கோணம் (இதுதான் முன் ஆங்குலேஷன்) 90 டிகிரி இருந்தால் லட்சியம், 110 வரை பொதுவாக ஏற்பு. மேல்கை குட்டையாகவோ நிமிர்ந்தோ இருந்தால் முன்கால் மூக்குக்கு நேர் வரை எட்டாது. அதனால்தான் அதே கருத்தின் கடைசியில் "முன்கால் எட்டி வைப்பது தாராளமாக வேண்டும்" என்று மறுபடி வருகிறது. இரண்டு குறை சொன்னார் என்று எண்ண வேண்டாம். ஒரு காரணமும் அதன் விளைவும்தான் அவை. இப்படி இணைத்துப் படிக்கப் பழகினால் நீளமான கருத்தும் இரண்டு மூன்று விஷயமாகச் சுருங்கிவிடும்.

"முழங்கை இறுக வேண்டும்" என்பது பாதி மாறக்கூடியது. நெஞ்சு இறங்கி அகன்று தோள்தசை கட்டும்போது, இரண்டு இரண்டரை வயதுக்குள் பல நாய்களுக்கு இது தானாகக் குறையும். மூன்று வயதிலும் தளர்ந்திருந்தால் அதுதான் அதன் அமைப்பு. அதற்குமேல் ஓட்டி ஓட்டிப் பயனில்லை.

அப்ப எதெல்லாம் நம்ம கையில இருக்குங்க?

எடை, தசை, நகம், கோட் (உடல் முடி), ரிங்கில் நிற்பது, நடக்கும் வேகம், அந்நியர் தொட்டால் பொறுத்துக்கொள்வது. இவை முழுக்க உங்கள் பொறுப்பு.

எலும்பின் நீளம், கோணங்கள், தலை வடிவம், பல்லின் எண்ணிக்கை, கண் நிறம், உயரம் ஆகியவை பிறப்போடு வந்தவை. எந்த டானிக்கும் மாற்றாது.

இடையில் நிற்பது பாதமும் பாஸ்டர்னும். பாஸ்டர்ன் என்பது மணிக்கட்டுக்குக் கீழே பாதம் வரை உள்ள பகுதி. "பாஸ்டர்ன் சாஃப்ட்", "ஃபீட் ஓப்பன்" என்ற கருத்துகள் நம் பக்கத்து வளர்ப்பில் அடிக்கடி வரக் காரணம் உண்டு. வழவழப்பான கிரானைட், டைல்ஸ் தரையிலேயே வளரும் குட்டி, வழுக்காமல் இருக்க விரல்களை விரித்துப் பதிக்கும். கூடவே நகம் வளர்ந்திருந்தால் பாதம் பின்னால் சாயும். எடையும் கூடினால் பாஸ்டர்ன் இறங்கிவிடும். சிறு வயதிலிருந்தே தோட்டத்து மண்ணிலும் சரளையிலும் நடக்க விட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை நகத்தை நுனி நுனியாக வெட்டிவந்தால் விரல்கள் மூடிவருவதைப் பார்க்கலாம். ஒரு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம்.

கால்சியம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பாஸ்டர்ன் இறங்கியதும் கால்சியம் சிரப் வாங்கி ஊற்றுவது இங்கே வழக்கமாகிவிட்டது. நல்ல பப்பி ஃபுட் தின்னும் பெரிய ஜாதிக் குட்டிக்கு அதற்குமேல் கால்சியம் கொடுத்தால் எலும்பு வளர்ச்சியே கோணலாகும். வெறும் சோறும் தயிரும் தின்னும் குட்டிக்குக் குறைபாடு வரலாம்தான். அதைக் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

"நீட்ஸ் டைம்"னா நல்லதா கெட்டதா?

9 மாதக் குட்டிக்குச் சொன்னால் நல்லது. சட்டகம் சரி, நிரம்பக் காத்திருங்கள் என்கிறார். மூன்று வயது நாய்க்குச் சொன்னால் மென்மையாக மறுக்கிறார்.

ஜட்ஜ்கள் பெரும்பாலும் நாசூக்காகவே பேசுவார்கள். "அப் டு சைஸ்" என்றால் உயரம் எல்லையைத் தொட்டுவிட்டது, இன்னும் வளர்ந்தால் கஷ்டம். "ஐ வுட் லைக் எ பிட் மோர் நெக்" என்றால் கழுத்து குட்டை. பெரும்பாலும் தோள் நிமிர்ந்திருப்பதால்தான் கழுத்து குட்டையாகத் தெரியும், எனவே தோளையும் பாருங்கள். ஆண் நாயை "பிட்சி" என்றால் ஆணுக்குரிய தலைக்கனமும் எலும்பும் போதவில்லை. பெட்டையை "டாகி" என்றால் முரடாகத் தெரிகிறது. "ஹெவி" என்பது எலும்பைப் பற்றியும் இருக்கலாம், கொழுப்பைப் பற்றியும் இருக்கலாம். எது என்று கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் ஒன்று மாறாது, மற்றது இரண்டு மாதத்தில் மாறும்.

"டைப்", "பேலன்ஸ்", "சவுண்ட்" மூன்றும் வேறு வேறு. டைப் என்றால் தூரத்தில் நிழலைப் பார்த்தே ஜாதியைச் சொல்லும்படி இருப்பது. பேலன்ஸ் என்றால் முன்பாதியும் பின்பாதியும் ஒன்றுக்கொன்று பொருந்துவது. சவுண்ட் என்றால் நொண்டாமல், சிரமமில்லாமல், பயமில்லாமல் இயங்குவது. நல்ல டைப், ஆனால் சவுண்ட் இல்லை என்று ஒரு நாயைச் சொல்லலாம். வீட்டு நாய் பல நேரம் சவுண்டாக இருக்கும், டைப் இருக்காது.

பல் பத்திச் சொல்றது?

முழுவாய் என்றால் 42 பல்: மேலே 20, கீழே 22. ஒவ்வொரு தாடையிலும் முன்பல் 6, கோரை 2, முன்கடைவாய் 8. பின்கடைவாய் மேலே 4, கீழே 6. ஜட்ஜ் "பி ஒன் மிஸ்ஸிங்" என்றால் கோரைக்கு அடுத்துள்ள மிகச் சிறிய முன்கடைவாய்ப் பல் இல்லை என்று பொருள். ஜாதியைப் பொறுத்து இதற்கு எடை மாறும். ஷெப்பர்டுக்குப் பி ஒன் பல் ஒன்று இல்லாததைச் சிறு குறையாகக் கொள்வார்கள். ஒரு கோரையோ நான்காவது முன்கடைவாயோ இல்லாவிட்டால், அல்லது மொத்தம் மூன்று பல் குறைந்தால், தகுதியே போகும்.

"சிஸர்ஸ் பைட்" என்றால் மேல் முன்பற்கள் கீழ்ப் பற்களை முன்புறம் உரசியபடி மூடுவது. பல ஜாதிகளுக்கு இதுதான் சரி. "லெவல்" என்றால் நுனியோடு நுனி முட்டுகிறது. "அண்டர்ஷாட்" என்றால் கீழ்த்தாடை முந்துகிறது. பாக்ஸருக்கும் புல்டாகுக்கும் அது லட்சணம், லாப்ரடாருக்குக் கேடு. "ஓவர்ஷாட்" என்றால் மேல்தாடை முந்தி நடுவே இடைவெளி.

குட்டிக்குப் பால்பல் 28. நாலாம் மாதம் விழத் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் எல்லாம் முளைத்துவிடும். இந்த மூன்று மாதமும் துணியைக் கடிக்கக் கொடுத்து இழுத்து விளையாடாதீர்கள். சின்ன ஜாதிகளில் பால் கோரை விழாமல் புதுக் கோரையின் பக்கத்திலேயே நிற்கும். ஏழு மாதத்திலும் நின்றால் மருத்துவரிடம் காட்டிப் பிடுங்குங்கள், இல்லாவிட்டால் புதுப்பல் கோணும். நல்ல வாய் இருந்து பிறகு பல் உடைந்தால், முன்பு எடுத்த படமும் மருத்துவர் குறிப்பும் கைவசம் இருக்கட்டும்.

"மூவ்மெண்ட்" பத்தித்தான் புரியவே மாட்டேங்குது.

ஜட்ஜ் மூன்று இடத்திலிருந்து பார்க்கிறார். ஒவ்வொரு இடத்திலும் பார்ப்பது வேறு.

உங்கள் நாய் அவரை நோக்கி வரும்போது முன்கால்கள். முழங்கை வெளியே தள்ளினால் "அவுட் அட் எல்போ". பாதம் உள்நோக்கித் திரும்பினால் "டோயிங் இன்". கால் ஒன்றன் குறுக்கே ஒன்று வந்தால் "கிராஸிங்". அவரை விட்டுப் போகும்போது பின்கால்கள். ஹாக் என்னும் பின்கணுக்கால் மூட்டுகள் ஒன்றையொன்று நெருங்கி, பாதம் வெளியே பார்த்தால் "கவ் ஹாக்". மூட்டும் பாதமும் சேர்ந்தே நெருங்கி ஓடினால் "க்ளோஸ் பிஹைண்ட்".

இங்கே பலர் தவறாகப் பார்ப்பது ஒன்று உண்டு. வேகம் கூடக் கூட நாயின் நான்கு காலும் உடலின் நடுக்கோட்டை நோக்கிச் சாயும். ஈர மண்ணில் ஓடவிட்டுத் தடத்தைப் பார்த்தால் தெரியும். அது இயல்பு. காலின் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாகச் சாய்ந்தால் குறை இல்லை. நடுவில் மூட்டில் உடைந்து சாய்ந்தால்தான் குறை.

பக்கவாட்டில் ஓடும்போதுதான் "ரீச்", "டிரைவ்" தெரியும். முன்னங்கால் தாராளமாக எட்ட வேண்டும், பின்னங்கால் தரையைத் தள்ளிவிட்டு நீள வேண்டும், நடுவில் முதுகு குலுங்காமல் போக வேண்டும். பின்கோணம் அதிகமாகவும் முன்கோணம் குறைவாகவும் இருந்தால் தள்ளுகிற அளவுக்கு எட்ட முடியாது. அப்போது நாய் முன்காலைத் தேவையில்லாமல் உயர்த்தும் அல்லது முதுகை ஆட்டும். பார்ப்பவர்களுக்கு அந்த உயர்த்தல் மிடுக்காகத் தோன்றும், ஜட்ஜுக்கு அது விரயம்.

"பேஸிங்" என்றால் ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து எழுவது, ஒட்டகம் நடப்பதுபோல. இது பெரும்பாலும் களைப்பால் அல்லது நீங்கள் மெதுவாக நடப்பதால் வரும். லீடை ஒரு நொடி மேலே சுண்டி, வேகத்தைக் கூட்டினால் ட்ராட்டுக்கு, அதாவது எதிரெதிர்ப் பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து எழும் ஓட்டத்துக்கு, மாறிவிடும். லீடைத் தொங்க விடாமல் தூக்கிப் பிடித்தே ஓடினால் நாயின் முன்பாகம் தரையை அழுத்தாது, நல்ல முன்காலும் கெட்டதாகத் தெரியும். "முன்னே லூஸ்" என்று கருத்து வந்தால் முதலில் உங்கள் ஓட்டத்தை யாரையாவது முழங்கால் உயரத்தில் போனை வைத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

"அவுட் ஆஃப் கண்டிஷன்"னு சொல்லிட்டாருங்க. நல்லாத்தான் தின்னுது.

நன்றாகத் தின்பதுதான் பல நேரம் காரணம். விலாவைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் கையை முஷ்டி பிடித்து விரல் முட்டியைத் தடவினால் வருவதுபோல் எலும்பு துருத்தினால் நாய் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுவதுபோல் எலும்பு தெரிந்தும் லேசாக மூடியும் இருந்தால் சரி. உள்ளங்கை அடிப்பாகம்போல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. லாப்ரடார்களில் நம் பக்கம் மூன்றாவது வகைதான் அதிகம்.

எடையைக் குறைப்பது மட்டும் போதாது, தசை வேண்டும். கீழ்பவானி வாய்க்கால் மேடு, பிஏபி வாய்க்கால் கரை போன்ற மண்பாதையில் காலை 7 மணிக்குள், சீரான ட்ராட் வேகத்தில் 20 நிமிடத்தில் தொடங்கி 40 நிமிடம் வரை, வாரம் ஐந்து நாள். இரண்டு மூன்று மாதத்தில் பின்தொடை கெட்டிப்படும். தார் ரோட்டில் பைக்கில் கட்டி ஓட்டாதீர்கள், மூட்டும் பாதமும் கெடும். பெரிய ஜாதிக்கு எலும்பு முனைகள் மூட ஒன்றரை வயதுவரை ஆகலாம், அதற்கு முன் கட்டாய ஓட்டம் வேண்டாம். நடையும் விளையாட்டும் போதும்.

கோட் சரியில்லைன்னா எண்ணெய் தேய்க்கலாங்களா?

ஷோவுக்கு முன் வேண்டாம். ஜட்ஜ் கையில் பிசுபிசுக்கும், முடியின் இயல்பான சொரசொரப்பும் தெரியாது. லாப்ரடார், ஷெப்பர்டு போன்ற இரட்டைக் கோட் நாய்களை ஷோவுக்கு மூன்று நான்கு நாள் முன்பே குளிப்பாட்டிவிடுங்கள். முந்தின நாள் குளிப்பாட்டினால் முடி மிருதுவாகிப் படுத்துவிடும்.

"அவுட் ஆஃப் கோட்" என்றால் முடி உதிர்ந்த பருவம். பெட்டை ஹீட் முடிந்து மூன்று நான்கு மாதத்தில் கொட்டும். மாசி, பங்குனி வெயில் ஏறும்போது அடிக்கோட்டும் போகும். உங்கள் பெட்டையின் ஹீட் தேதியைக் குறித்து வைத்தால் எந்த ஷோவுக்குப் பணம் கட்டலாம், எதை விடலாம் என்று முன்கூட்டியே தெரியும். திட்டுத் திட்டாகக் கொட்டினாலோ சொறிந்தாலோ அது பருவம் அல்ல. உண்ணி, பூஞ்சை இருக்கிறதா என்று காட்டுங்கள்.

ஜட்ஜ் தொட வந்ததும் பின்வாங்கிடுச்சு. "டெம்பரமெண்ட்"னு எழுதிட்டாங்க.

காவலுக்கென்று கட்டிப்போட்டே, மொட்டை மாடியிலேயே வளர்த்த நாய்க்கு இது நடக்கும். தடுப்பூசி முடிந்த குட்டியை வாரச் சந்தையின் ஓரத்துக்கு வாரம் ஒருமுறை அழைத்துப் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். நாய்க்குப் பழகாத நபர் ஒருவர் முன்னிருந்து வந்து, கையை முகரக் கொடுத்து, உதட்டைத் தூக்கிப் பல் பார்த்து, முதுகு வழியே பின்கால்வரை தடவிப் போகட்டும். ஆண் என்றால் விரையையும் தொடட்டும். ஒவ்வொரு முறையும் சின்ன ஈரல் துண்டு. ஒரு மாதம் விடாமல் செய்தால் வேறுபாடு தெரியும். தாய் தந்தையும் பயந்த சுபாவம் என்றால் முழுதாகப் போகாது.

ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறைக்கும் இதே கணக்குதானா?

முறை ஒன்று, கண் வேறு. இவை முகர்ந்து தேடுபவை அல்ல, பார்த்து ஓடிப் பிடிக்கும் ஜாதிகள். நெஞ்சு ஆழம், வயிறு ஏறி, தசை நீளமாகப் படிந்திருக்க வேண்டும். கடைசி விலாக்கள் லேசாகத் தெரிவது இவற்றுக்குக் குறையல்ல. "எலும்பும் தோலுமா இருக்குதே" என்று அக்கம்பக்கத்தார் சொன்னதைக் கேட்டு ஷோவுக்கு ஒரு மாதம் முன்பு சோற்றைக் கூட்டுவதால்தான் "டூ ஹெவி, லேக்ஸ் எலிகன்ஸ்" என்ற கருத்து வருகிறது.

ராஜபாளையத்துக்குப் பால்வெள்ளையும் இளஞ்சிவப்பு மூக்கும் விரும்பப்படுவது. ஆனால் நிறமி குறைந்த வெள்ளை நாய்களில் காது கேளாமை வருவதுண்டு. ஜட்ஜ் பின்னால் கைதட்டியோ சாவியைக் குலுக்கியோ பார்த்தால் அதைச் சோதிக்கிறார். குட்டி வாங்கும்போதே, அது தூங்கும்போது பார்வைக்கு எட்டாத பக்கம் நின்று ஒலி எழுப்பிப் பாருங்கள். 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. அந்தப் பெருமை நிலைக்க வேண்டுமென்றால் நிறத்துக்குக் கொடுக்கும் கவனத்தைக் காதுக்கும் கொடுக்க வேண்டும்.

தசைக்காக முயல் விரட்ட விடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வேலி கட்டிய தோட்டத்தில் துணியைக் கயிற்றில் கட்டி இழுத்து ஓடவிட்டாலே தசை கட்டும்.

சனிக்கிழமை ஜட்ஜ் முதல் இடம் தந்தாரு, ஞாயித்துக்கிழமை ஜட்ஜ் ஒதுக்கிட்டாரு. யாரை நம்பறது?

இருவரையும். ஸ்டாண்டர்ட் ஒன்றுதான், ஆனால் தலைக்கு முதலிடம் தருபவர் உண்டு, ஓட்டத்துக்குத் தருபவர் உண்டு. எதிரே நின்ற நாய்களும் மாறியிருக்கும். ஒரு நோட்டில் தேதி, ஊர், ஜட்ஜ், கிளாஸ், எத்தனை நாய், என்ன சொன்னார், அன்றைய எடை, கோட் நிலை என்று எழுதிவாருங்கள். ஐந்தாறு ஷோவுக்குப் பின் படியுங்கள். ஒருவர் மட்டும் சொன்னது அவர் ரசனையாக இருக்கலாம். வெவ்வேறு ஊரில் மூன்று பேர் ஒரே இடத்தைத் தொட்டிருந்தால் அது உங்கள் நாயின் உண்மையான குறை.

முதல் இடம் தந்துட்டு "சிசி வித்ஹெல்ட்"னாரே?

சேலஞ்ச் சர்டிஃபிகேட் சாம்பியன் பட்டத்துக்கான படி. வந்தவற்றில் இதுதான் மேல், ஆனால் சாம்பியன் ஆகும் தரம் இன்று இல்லை என்று ஜட்ஜ் கருதினால் அதை நிறுத்தி வைக்கலாம். காரணம் கேளுங்கள். எடையோ கோட்டோ என்றால் ஆறு மாதம் கழித்து வாருங்கள். அமைப்பு என்றால் பட்டத்தின் பின்னால் ஓடிப் பணம் செலவழிப்பதை நிறுத்தலாம்.

கருத்தை வெச்சு இனப்பெருக்கத்துக்கு முடிவெடுக்கலாங்களா?

எடுக்க வேண்டும், கருத்தின் முதல் பயனே அதுதான். உங்கள் பெட்டைக்கு மேல்கை குட்டை என்று மூன்று ஜட்ஜ் சொன்னால், அதே குறை உள்ள ஆணோடு சேர்க்காதீர்கள், அது எத்தனை கோப்பை வாங்கியிருந்தாலும். எதிர்க்குறையோடும் சேர்க்காதீர்கள். நிமிர்ந்த தோளுக்கு அளவுக்கு மீறிச் சாய்ந்த தோளைச் சேர்த்தால் நடுவில் வந்து நிற்காது, குட்டிக்குக் குட்டி இரண்டு எல்லையும் வரும். அந்த இடத்தில் சரியாக இருக்கும் ஆணைத் தேடுங்கள். அதன் உடன்பிறப்புகளும் அப்பா அம்மாவும் அதே இடத்தில் சரியாக இருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

"எக்ஸலண்ட் மூவ்மெண்ட்"னு சொல்லிட்டாரு. இடுப்பு எக்ஸ்ரே இன்னும் வேணுமா?

வேண்டும். ஹிப் டிஸ்பிளேசியா (இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாத கோளாறு) உள்ள நாயும் தசை நன்றாக இருந்தால் ரிங்கில் அழகாக ஓடும். ஜட்ஜின் கைக்கும் கண்ணுக்கும் இடுப்புக் குழி தெரியாது. பெரிய ஜாதியானால் 12 மாதம் முடிந்தபின், மிகப் பெரிய ஜாதிகளுக்கு 18 மாதம் முடிந்தபின், மயக்க ஊசி போட்டு மல்லாக்கப் படுக்க வைத்து, பின்கால்களை இணையாக நீட்டி எடுக்கும் படம் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற வசதியுள்ள இடத்தில் எடுத்து, நாயின் மைக்ரோசிப் எண் படத்திலேயே பதியச் செய்யுங்கள். கிரேடு ஏ முதல் இ வரை. ஏ, பி வந்தால் இனத்துக்கு விடலாம். டி, இ வந்தால் ரிங்கில் எத்தனை முதலிடம் இருந்தாலும் வீட்டு நாயாகவே வைத்துக்கொள்ளுங்கள்.